தங்கள் தங்கை கல்லூரியில் படிப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் இங்கு நலம் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கள் தங்கை, "நலம்னு எதை வச்சு எழுதினீங்க?" என்று கேட்டாள். எதையாவது வைத்துத்தான் அதை எழுத வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. மூட்டு வலி எப்படி, தூக்கம் எப்படி, கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு என்று வரிசையாக விசாரித்துவிட்டு, பரவாயில்லை என்று எழுதுங்கள், அதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வருகிறது என்று சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆகவே, பரவாயில்லை. தங்கள் வீட்டிலும் அனைவரும் அதற்குக் குறையாமல் இருக்க விழைகிறேன்.

மின்சார அலுவலகத்தில் பொதுமக்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஆகையால் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தங்கள் தங்கைக்கு இந்த வருடத்தோடு இளநிலைப் பட்டம் முடிகிறது. அதோடு நிறுத்திக்கொள்ளாமல், மேற்படிப்புக்கு வேறு ஊருக்குப் போய் விடுதியில் தங்கப் போகிறாளாம். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்லி, படித்தது போதும் என்று நிறுத்த வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்த வயதில் விடுதியா, எல்லோரும் என்ன சொல்வார்கள் என்றேன். "எல்லாரும்னா எத்தனை பேரு? யாரைக் கேட்டீங்க?" என்கிறாள். நான் கேட்டது கீழ்வீட்டுத் தையல்காரரை மட்டும்தான். அவரும் போகட்டுமே என்றுதான் சொன்னார்.

எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று தங்களுக்கு முழுதாகத் தெரியாது. மகனும் மகளும் அவரவர் வேலையில் போய் அமர்ந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. அந்தச் சமயத்தில் கல்லூரிக்காரர்கள் வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று எங்கேயோ பார்த்து, என்னிடம் சொல்லாமலேயே விண்ணப்பம் போட்டு, இடமும் கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பி.எஸ்சி. பொதுச் சுகாதாரம். சாக்கடையும் கொசு மருந்தும் பற்றிய படிப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் வாசல் காவலாளி இவளைப் பெற்றோர் காத்திருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டாராம். அங்கிருந்து தப்பித்து வகுப்புக்குள் நுழைந்தால், பேராசிரியை வந்துவிட்டார் என்று வகுப்பே எழுந்து நின்றதாம். இவளும் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். பின்னாலேயே உண்மையான விரிவுரையாளர் வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் எங்கள் மகளைவிடச் சின்னவள். மாணவியின் காப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததால் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வயசுப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு நடுவில் நான் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள், பாடம் முடிய மாட்டேன் என்கிறது என்று விரிவுரையாளர் குறைப்பட்டுக்கொண்டார். வீட்டிலும் அப்படித்தான் மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டர் படிப்பு என்று தெருவில் செய்தி பரவிவிட்டது. கீழ்வீட்டில் கடை வைத்து, பின்பக்கச் சந்தில் குடியிருக்கும் அந்தத் தையல்காரர் மாடியேறி வந்து சட்டையைத் தூக்கி, வயிற்றில் இந்தப் பக்கம் வலிக்கிறது என்று காட்டினார். இவள் வயிற்றைப் பார்க்கவே இல்லை. குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள், உங்கள் சந்தில் வேறு யாருக்கெல்லாம் இப்படி வலி, எந்த வீட்டில் முதலில் வந்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பிவைத்தாள். அவர் படியிறங்கும்போது என் காதோரம், "அக்கா நல்லாத்தான் கேக்குறாங்க சார், ஆனா மருந்துன்னு ஒண்ணும் தரலையே" என்றார். எனக்கும் மானம் போயிற்று. அடுத்த வாரம் இவளும் இவளோடு படிக்கும் பிள்ளைகளும் அந்தச் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எந்தெந்த வீட்டில் வயிற்று வலி என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். புள்ளிகளெல்லாம் ஒரே குழாயைச் சுற்றி ஈ மொய்த்தது போல் நின்றன. நகராட்சி ஆட்கள் வந்து தோண்டினால், குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் விரிசல் விட்டுக் கிடக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு அந்தச் சந்தில் யாருக்கும் வலி வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வராத வலிக்காக ஒருவர்கூட வந்து நன்றி சொல்லவில்லை. தையல்காரர் இன்றைக்கும் தனக்குத் தானாகவே சரியாகிவிட்டது என்றுதான் சொல்கிறார். உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். எங்கள் பாடத்தில் இதுதான் தேர்ச்சி என்றாள்.

என்னை வைத்தும் ஒரு பாடம் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் என் வலது உள்ளங்கையில் ஜிகினாத் தூளைத் தடவிவிட்டு, வழக்கம்போல் உங்கள் வேலையைப் பாருங்கள், கையை மட்டும் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள், கழுவ வேண்டாம் என்றாள். நானும் செய்தித்தாள் படித்தேன், கடைக்குப் போனேன், பழைய மேலதிகாரியைப் பார்த்துக் கைகுலுக்கினேன், எதிர்வீட்டுக் கைக்குழந்தையின் கன்னத்தைத் தட்டினேன். மத்தியானம் இவள் ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மின்விசிறி சுவிட்சில் ஜிகினா, தண்ணீர்ப் பானை மூடியில் ஜிகினா, கடைக்காரர் கொடுத்த மீதிச் சில்லறையில் ஜிகினா, குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய ஜிகினா அதன் வாய்க்குள்ளேயே போய்விட்டிருந்தது. சாயங்காலம் கைபேசியில் ஒரு படம் வந்தது. அதில் என் மேலதிகாரி ஏதோ கூட்டத்தில் நெற்றி மின்ன உட்கார்ந்திருக்கிறார். நான் சிரித்தேன். இவள் சிரிக்கவில்லை. "கிருமிக்குக் கால் கிடையாதுங்க. உங்க காலைத்தான் வாங்கிக்கும்" என்றாள். அன்றிலிருந்து என் கையைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன் மச்சான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன மழைக்காலத்தில் படுக்கை விரிப்பு வாங்கப் பெரிய கடைத்தெருவில் இருக்கும் நாலு மாடித் துணிக்கடைக்குப் போனோம். துணிக்கடையில் பெண்களோடு வரும் ஆண்களுக்கென்று சுவரோரமாக நாற்காலி போட்டிருப்பார்களே, அதில் உட்கார்ந்து வழக்கம்போல் கண்ணை மூடிவிட்டேன். விரிப்பு எடுக்கப் போனவள் விரிப்பைப் பார்க்கவில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விற்பனைப் பெண்ணின் காலைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்து நின்றாளாம், கொஞ்ச நேரத்தில் காலை மாற்றிக்கொண்டாளாம். அடுத்த மேசைப் பெண்ணும் அப்படியே, அதற்கடுத்தவளும் அப்படியே. திரும்பி வரும் வழியில், அந்த நாலு மாடியிலும் பெண்கள் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை, கவனித்தீர்களா என்றாள். எத்தனையோ வருடமாக அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு நாற்காலி இல்லாதது எப்படிக் கண்ணில் படும்?

கடைசி வருடத்தில் ஆளுக்கு ஒரு வேலையிடத்தை எடுத்து அங்கே உழைப்பவர்களின் உடல்நலத்தை ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். இவள் அந்தத் துணிக்கடையை எடுத்தாள். முதலாளி உள்ளே விட மறுத்துவிட்டார். அதனால் கடை விட்டு வரும் பெண்களைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துப் பேசுவது என்று முடிவானது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதல் சில நாள், நாங்கள் காப்பீடு விற்க வந்த தம்பதி என்று நினைத்து அந்தப் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். இவள் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உயரமான பெண்ணிடம், நெட்டை என்றுதான் மற்றவர்கள் கூப்பிட்டார்கள், காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"குடிக்கலை ஆன்ட்டி. தண்ணி குடிச்சா அப்புறம் போகணும்ல" என்றாள் அந்தப் பெண்.

ஏதோ தமாஷ் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகுதான் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். கழிப்பறை மேல் மாடியில் இருக்கிறதாம். போக வேண்டுமென்றால் மாடி மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டுமாம், ஒருத்தி போய்த் திரும்பின பிறகுதான் அடுத்தவள் போகலாமாம். ஆண்பிள்ளை முன்னால் போய் நின்று கேட்பதற்குத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று இருக்கிறார்கள். அதனால் நீர்க்கடுப்பு, சிலருக்குச் சிறுநீரகத்தில் கல், முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாய்ச் சுருண்டு நிற்கிறது. ஒருத்திக்கு ஒருத்தி இதைச் சொல்லிக்கொண்டதே இல்லை. தனக்கு மட்டும்தான், தன் உடம்புதான் சரியில்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கள் தங்கை அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்து, "உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இது இருக்கும்மா" என்று சொன்னபோது அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்களே, அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பேருந்து வந்தது, ஒருத்தியும் ஏறவில்லை. மச்சான், நான் முப்பது வருடம் புகார்க் கடிதம் படித்தவன். எழுதப்படாத புகார் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அதோடு விஷயம் நல்லபடியாக முடிந்ததா என்றால் இல்லை. மேற்பார்வையாளர் எங்களைப் பார்த்துவிட்டார். மறுநாள் முதலாளியே எனக்குத் தொலைபேசியில் பேசினார். உங்கள் வீட்டம்மா படிப்பதற்கு என் கடைதான் கிடைத்ததா, வாடிக்கையாளர் நிற்கும்போது வேலைக்காரர் உட்கார்ந்தால் மரியாதையா என்று கேட்டார். நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நெட்டையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் தங்கள் தங்கை புத்தகத்தை மூடி வைத்தாள். சாப்பிடவில்லை. "பேரை எழுதாம விட்டுட்டேன். முகத்தை எப்படிங்க மறைக்கிறது? பேருந்து நிறுத்தத்துல வச்சுப் பேசியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். இந்தப் படிப்பில் முதல் பாடமே, நாம் ஆராய்கிற ஆளுக்கு நம்மால் கெடுதல் வரக்கூடாது என்பதுதானாம். வேறு தலைப்பை எடுத்துக்கொள் என்றேன் நான். விரிவுரையாளரும் அதையேதான் சொன்னார். அவருடைய சங்கடம் வேறு. துறையின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஏற்கெனவே அழைத்திருந்தது அந்தத் துணிக்கடை முதலாளியைத்தான், விழா அரங்கின் மின்விசிறியெல்லாம் அவர் கொடுத்தது. கடையின் பெயர் வராமல் முடிவுகளை மட்டும் வாசிப்பதானால் வாசிக்கலாம் என்று கடைசியில் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். இவள் சரி என்றாள். கூடவே, அரங்க ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். வகுப்பில் மூத்தவள் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விழா அன்று காலையில் என்னையும் வரச் சொன்னாள். அரங்கத்திலிருந்த நாற்காலிகளையெல்லாம் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போட்டோம். என் இடுப்பு இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதற்கு என்று கேட்டேன், தூக்குங்கள் சொல்கிறேன் என்றாள். கல்லூரி முதல்வர் வந்தார், முதலாளி வந்தார், பெற்றோர்கள் வந்தார்கள். மேடையிலும் கீழேயும் உட்கார ஓர் இடமில்லை. இவள் ஒலிபெருக்கி முன் நின்று, எல்லோரையும் வரவேற்று, நாற்காலிகள் நிகழ்ச்சி முடிவதற்குள் வந்துவிடும், அதுவரை தயவுசெய்து நின்றபடியே கலந்துகொள்ள வேண்டும் என்று அவ்வளவு பணிவாகச் சொன்னாள். வரவேற்புரை நடந்தது. ஆண்டறிக்கை நடந்தது, அதை வாசித்த பிள்ளைக்கு நிறுத்தி நிதானமாக வாசிக்கும் பழக்கம். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். புழுக்கத்தில் முதலாளி ஒன்றைக் குடித்து, இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக மேடையிலிருந்து இறங்கி வாசலில் நின்ற மாணவியிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப ஒருத்தர் போயிருக்காரு சார். அவர் திரும்பி வந்ததும் நீங்க போகலாம்" என்றாள். முதலாளி மேடைக்குத் திரும்பி வந்து ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் வைத்து நின்றதை நான் பார்த்தேன். முதல்வரும் அப்படித்தான் நின்றார். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு தங்கள் தங்கை தன் அறிக்கையை வாசித்தாள். ஒரு கடை என்றாள், எந்தக் கடை என்று சொல்லவில்லை. நிற்கிற நேரம், குடிக்காத தண்ணீர், நீர்க்கடுப்பு, கல், நரம்பு, ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல், யாரையும் குறை சொல்லாமல் வாசித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது முதலாளி மேசையைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தார்.

"நாற்காலி எப்பம்மா வரும்?"

"வந்துடும் ஐயா. அவங்களும் தினமும் இதைத்தான் மனசுக்குள்ள கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தையும் வாசித்து முடித்தாள்.

பிள்ளைகள் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். நூறு பேருக்கு மேல் ஒரே சமயத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டார்கள் பாருங்கள், கைதட்டலைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தகப்பனார், மேடையில் பேசினாரே அந்தம்மா யார் என்று கேட்டார். என் மனைவி என்று சொல்ல வாயெடுத்தவன் மறுபடியும் மேடையைப் பார்த்தேன். அந்தம்மா யார் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை. காலையில் என்னோடு சட்னி உப்புக்குச் சண்டை போட்டவளா இவள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளி பேசாமல், நினைவுப் பரிசையும் வாங்காமல் புறப்பட்டுப் போய்விட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தோம். முதல்வர் இவளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார், கொடுத்த கையோடு அறிக்கையின் நகல் ஒன்று தனக்கு வேண்டும் என்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் நெட்டை வீட்டுக்கு வந்து, தன்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், மேசைக்கு ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள் என்றும், மாடிக்கு மாடி கழிப்பறை கட்டுகிறார்கள் என்றும் சொன்னாள். ஊழியர் நலனில் அக்கறை கொண்டு இந்த ஏற்பாட்டைத் தானே சிந்தித்துச் செய்ததாக முதலாளி செய்தித்தாளில் அரைப் பக்கத்துக்கு விளம்பரமும் கொடுத்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார் யோசிச்சா என்னங்க, உட்கார்ந்தாங்களா இல்லையா, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே உட்காருகிறார்களா என்று பார்த்து வர என்னை அனுப்பிவிட்டாள். துண்டு வாங்குகிற சாக்கில் போனேன். ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாட்டிலை அண்ணாந்து, ஒளிவு மறைவில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து ஒருவனுக்குக் கண் கலங்குமா? எனக்குக் கலங்கியது. துண்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

இவ்வளவும் நான் பெருமைக்காக எழுதவில்லை. இவளை இன்னும் படிக்கவிட்டால் என்ன ஆகும் என்று தாங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இளநிலையிலேயே இந்தக் கதி. நானோ ஓய்வு பெற்றவன், ஒரு பேச்சுத் துணை வேண்டாமா, விடுதியில் போய் உட்கார்ந்துகொண்டால் இந்த வீட்டில் என்னை யார் கேள்வி கேட்பார்கள்? ஆகவே கோரிக்கையை மறுபடியும் வலியுறுத்துகிறேன். அடுத்த ரயிலில் புறப்பட்டு வரவும், கண்டிப்பான முகத்தோடு வரவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நேரத்துக்குத் தூங்கி, தாகம் எடுத்தவுடன் தண்ணீர் குடித்து நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் நிலையம் வரை போனேன். வாசலில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். போகிற போக்கில், உட்கார ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். பத்து வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அப்படியே பக்கத்து வங்கியில் கேட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டேன், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் கேட்டுவிட்டேன். காலைப் பொழுது போனதே தெரியவில்லை, பெட்டியிலிருந்த தபாலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்கு மேற்குப் பக்கத் தெருக்கள் பாக்கி இருக்கின்றன. ஆகவே தாங்கள் வர வேண்டாம். அவள் தாராளமாகப் போய்ப் படிக்கட்டும், எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை இருக்கிறது. நான் கேட்டு வருவதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், யாரைக் கேட்பது என்று எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பிடித்துக்கொள்வாள். அப்புறம் மச்சான், உங்கள் அலுவலக வாசலில் ஒரு காவலாளி நிற்பாரே, அவருக்கு நாற்காலி இருக்கிறதா என்று பார்த்து மறு தபாலில் எழுதவும். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதக் கூடாது, பக்கத்தில் போய் அவரையே கேட்க வேண்டும்.